குழி மனிதரின் காடு

சென்ற மாதம் நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் உலக வரைபடத்தை மாட்டி, அமேசான் மழைக்காட்டைப் பற்றிப் பாடம் நடத்தினேன். பிரேசில் நாட்டின் ரொண்டோனியா மாநிலத்துக் காட்டில் தன்னந்தனியாக வாழ்ந்து, 2022 ஆகஸ்டில் இறந்து கிடக்கக் காணப்பட்ட ஒருவரைப் பற்றிச் சொன்னேன். உடனே ஒரு சிறுமி, "ஏன் மாமா, அவரைக் கூட்டிட்டு வந்து ஒரு வீடு கட்டிக் கொடுத்திருக்கலாமே?" என்று கேட்டாள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவளுக்குச் சொன்ன பதிலையே இங்கு எழுதுகிறேன்.

அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. தம் குடிசைக்குள் ஆழமான குழி வெட்டி வைப்பார். அதனால் 'குழி மனிதர்' என்றார்கள். 1970களிலிருந்து ரொண்டோனியாவில் வெளியார் குடியேற்றம் பெருகியது. 1984-ல் அங்கு செல்லும் நெடுஞ்சாலை தார்ச்சாலையானது. மாட்டுப் பண்ணைகளுக்காகக் காடு வேகமாக அழிந்தது. பழங்குடியினரின் பாரம்பரிய நிலம் அவர்களுக்கே உரியது என்று 1988-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் சொல்கிறது. ஆகவே, காட்டில் ஆள் இருப்பது தெரிந்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று அஞ்சியவர்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். 1990களின் நடுவில் அவர் இனத்தில் அவர் ஒருவரே மிஞ்சினார்.

ஃபுனாய் என்னும் அரசு நிறுவனம் 1996-ல் அவரைக் கண்டது. நெருங்கிப் பேச ஊழியர்கள் பலமுறை முயன்றார்கள். 2005-ல் அவர் எய்த அம்பு ஒருவரைக் காயப்படுத்தியது. அதுவே அவர் சொன்ன பதில்.

நெருங்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நமக்குச் சாதாரணமான சளிக்காய்ச்சல், தட்டம்மை போன்றவற்றை எதிர்க்கும் சக்தி அவர்கள் உடலில் இல்லை. ஜாவாரிப் பள்ளத்தாக்கில் வாழும் மட்டிஸ் மக்களை 1970களின் பிற்பகுதியில் வெளியார் சந்தித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் பாதிக்கு மேற்பட்டோர் நோயில் மாண்டார்கள். இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகு, 1987-ல் சிட்னி பொசுவேலு போன்றோரின் முயற்சியால் ஃபுனாய் தன் கொள்கையை மாற்றியது. ஆளைத் தேடிப் போகாதே. அவர் வாழும் நிலத்தைக் காப்பாற்று என்பதே புதிய கொள்கை.

அவ்வாறே குழி மனிதருக்காகச் சுமார் 8,000 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 20,000 ஏக்கர் காட்டுக்குள் பிறர் நுழையத் தடை விதிக்கப்பட்டது. ஊழியர்கள் தூரத்திலிருந்து காவல் காத்தார்கள். சில வேளை கோடரியும் விதைகளும் வைத்துவிட்டு விலகினார்கள். அவர் சோளமும் பப்பாளியும் பயிரிட்டு வாழ்ந்தார். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். நடுவில் அந்தக் காடு மட்டும் பச்சையாக நின்றது.

ஆனால் இத்தகைய தடையாணை நிரந்தரமானதல்ல. குறித்த காலம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும்; உள்ளே ஆள் இருப்பதற்குத் தடயமும் காட்ட வேண்டும். அவர் இறந்ததும் பண்ணைக்காரர்கள் அந்த நிலத்துக்கு உரிமை கோரினார்கள். எல்லை வகுத்து முழு உரிமையும் உறுதி செய்தால்தான் பாதுகாப்பு நிலைக்கும். ஜாவாரிப் பள்ளத்தாக்கில் சுமார் 85,000 சதுர கிலோமீட்டருக்கு 2001-ல் அவ்வாறு செய்யப்பட்டது. அங்கும் சட்டம் இருந்தால் போதாது, காவலும் வேண்டும். அந்த மக்களுக்காக உழைத்த புருனோ பெரேராவும், செய்தியாளர் டாம் ஃபிலிப்ஸும் 2022 ஜூனில் அங்கேதான் கொல்லப்பட்டார்கள்.

இவ்வளவும் கேட்ட சிறுமி, "அப்போ அவர் யார்கிட்ட பேசுவார் மாமா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. வெளிமாநிலத்தில் வாழும் நமக்குத் தமிழில் பேச ஒரு சங்கமாவது இருக்கிறது. அவருடைய மொழி அவரோடு போய்விட்டது. இன்னும் பல குழுக்கள் அந்தக் காடுகளில் தங்கள் மொழி பேசி வாழ்கிறார்கள். அவர்களுக்கு நாம் கட்டித்தர வேண்டிய வீடு எதுவுமில்லை. இருக்கும் வீட்டை இடிக்காமல் விட்டால் போதும்.