குளம்பு தேறும்வரை குதிரைக்கு என்ன தீனி?

லாமினைட்டிஸ் எனும் குளம்பு அழற்சி வந்து எழுந்த குதிரையைப் பார்த்தால், “மெலிஞ்சு போச்சே” என்று ஒரு கை கொள்ளோ ஒரு கட்டி வெல்லமோ நீட்டத்தான் மனம் போகும். தயவுசெய்து நீட்டாதீர்கள். மாவுச்சத்தும் சர்க்கரையும் இரத்தத்தில் இன்சுலினை ஏற்றும். அது ஏறியே நின்றால், குளம்புச் சுவரை உள்ளெலும்போடு பிணைக்கும் மெல்லிய தகடுகள் மறுபடியும் நெகிழும்.

முதலில் கொள்ளு, ஓட்ஸ், பார்லி, மக்காச்சோளம், தவிடு, கரும்புப்பாகு கலந்த தீவனம், கேரட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பந்தயத்தை விட்டு வந்த குதிரைகளிடம் இதில் இன்னும் கண்டிப்பு வேண்டும். ஓட்டம் நின்ற குதிரைக்கு ஓடிய நாள் தீனி ஆகாது.

அதற்காகப் பட்டினி போடவும் கூடாது. உடல் கொழுப்பு கரைந்து இரத்தத்தில் பெருகி ஈரலைக் கெடுக்கும். மட்டக்குதிரைகள் இதில் உயிரையே விடலாம்.

அடுத்தது தராசு. உடல் எடையில் 1.5 சதவீதம் உலர்பொருள் ஒரு நாளைக்குப் போதும். 450 கிலோ குதிரைக்கு ஏறக்குறைய 7.5 கிலோ உலர்புல். மெலிந்த குதிரையானால் 10 கிலோ வரை போகலாம். நான்கைந்து வேளையாகப் பிரித்து, சிறு கண் வலையில் தொங்கவிடுங்கள்.

கொடுக்குமுன் புல்லை நிறைய தண்ணீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். சர்க்கரையில் ஒரு பங்கு கரைந்துவிடும். அந்தத் தண்ணீரைக் குதிரைக்கு எட்டாத இடத்தில் கொட்டுங்கள். குளிர்நாட்டில் இரவெல்லாம் ஊறவைப்பார்கள். நம் ஜொகூர் வெப்பத்தில் அது புளித்துவிடும். தின்றது போக மிஞ்சிய ஈரப்புல்லையும் எறிந்துவிடுங்கள்.

நம் ஊர்ப் புல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நேப்பியரில் குளிர்நாட்டுப் புற்களைவிடப் பொதுவாகச் சர்க்கரை குறைவு, அது நல்லதுதான். ஆனால் நேப்பியர், செட்டேரியா போன்றவற்றில் ஆக்சலேட் மிகுதி. அது சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போடுவதால், உடல் எலும்பிலிருந்து அதை உருவும். முகம் வீங்கும், கால் நொண்டும். அந்த நொண்டலை லாமினைட்டிஸ் திரும்பிவிட்டதாக எண்ணி ஏமாறலாம். பாதியாவது டிமோத்தி உலர்புல் இருக்கட்டும், கூடவே ஒரு கிலோ குதிரைமசால். கால்சியம் பொடி எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். பச்சை நேப்பியரில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதையும் எடைக்கணக்கில் மறக்க வேண்டாம்.

தாது உப்பு, வைட்டமின் ஈ பொடிகளைக் கலந்து கொடுக்க, ஊறவைத்த தேங்காய்ப் புண்ணாக்கு அரைக் கிலோ போதும். அதில் மாவுச்சத்து குறைவு. பத்து நாளில் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். சிக்கு வாடையோ பூஞ்சையோ தெரிந்தால் மூட்டையோடு தள்ளிவிடுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மழைக்காலத்தில் புண்ணாக்கு, உலர்புல் இரண்டையும் பலகைமேல் உயர்த்தி வையுங்கள். வியர்த்துக் கொட்டும் ஊர் இது. நாளைக்கு 30 கிராம் உப்பும் சேரட்டும்.

தினமும் காலையில் குளம்பைத் தொட்டுப் பாருங்கள்; கணுவின் பின்புறம் நாடியைப் பிடித்துப் பாருங்கள். சூடு நிலைத்தாலோ நாடி துள்ளினாலோ உடனே மருத்துவரை அழையுங்கள். குளம்பு நுனிவரை புதிதாக வளர 9 முதல் 12 மாதம் ஆகும். அதுவரை இந்தத் தீனியைத் தளர்த்தாதீர்கள். மருத்துவர் மேய்ச்சலுக்குச் சம்மதித்தாலும், வாய்க்கூடு மாட்டி, விடிவதற்கு முன் அரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.