மீன் ஐஸ் வேற, குச்சி ஐஸ் வேற!

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஐஸுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை, தங்கச்சி. படகு கரையேறும் நேரத்தில் உடைத்த ஐஸ் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். ஆனால் உன் பிள்ளைகள் வாயில் வைக்கிற ஐஸ், மே மாத லீவில் மத்தியானம் மணியடித்துக்கொண்டு வருகிற வண்டியிலிருந்துதான் வருகிறது. அதில் எந்தத் தண்ணீர், எந்தச் சாயம் என்று உனக்கும் தெரியாது; பல நேரம் விற்கிறவருக்கும் தெரியாது.

பொன்னேரிக்கோ பழவேற்காடு கடைத்தெருவுக்கோ போய்ப் பழம் வாங்குகிற நாளில் அரைமணி நேரம் ஒதுக்கு. அந்த வாரத்துக்கான குச்சி ஐஸை வீட்டிலேயே போட்டுவிடலாம். நான் சொல்லப்போவது முழுவதும் ஒரே வரியில் அடங்கும்: தண்ணீரைக் குறை, பழத்தைக் கூட்டு. இனிப்பு, நிறம், வாசனை மூன்றையும் பழமே பார்த்துக்கொள்ளும்.

தண்ணீரில் கவனம்

மீனுக்குப் போடுகிற ஐஸ் மீனுக்கு மட்டும்தான். சாப்பிடத் தகாத ஐஸ் பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதற்காக, அதற்கு நீல நிறம் சேர்க்கும்படி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் உத்தரவு போட்டது. அதற்காக, நீலமாக இல்லாத ஐஸ் எல்லாம் நல்ல ஐஸ் என்று முடிவு கட்டிவிடாதே. கரையில் கிடைக்கிற ஐஸை உடைத்து ஜூஸில் போடுகிற பழக்கமே வேண்டாம்.

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அப்படிச் சாவதில்லை. பெரும்பாலான கிருமிகள் குளிரில் பெருகாமல் இருக்கும். உருகியதும் பெருக ஆரம்பிக்கும். அதனால் ஐஸில் சேர்க்கிற தண்ணீர் ஒரு டம்ளரே ஆனாலும் கொதிக்கவைத்து ஆறவைத்ததாக இருக்கட்டும். கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவில் இருக்கிற ஊர் நம்முடையது. கரிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்தால் உப்பு போகாது என்பதால், குடிக்கிற தண்ணீரையே எடுத்துக் கொதிக்கவை. பழத்தையும் நறுக்குவதற்கு முன்பே முழுசாகக் கழுவிவிடு. தர்பூசணித் தோலையும்தான், மேலே இருக்கிற மண் கத்தியோடு உள்ளே போகும்.

அச்சுக்குக் காசு செலவழிக்காதே

அமெரிக்காவில் 1905-ல் ஃபிராங்க் எப்பர்சன் என்ற 11 வயதுப் பையன், சோடாப் பொடி கலக்கிய தண்ணீரைக் கலக்கின குச்சியோடு ராத்திரி வெளியே விட்டுவிட்டானாம். குளிரில் அது உறைந்து குச்சியோடு கையில் வந்தது. பெரியவனானதும் அதற்குக் காப்புரிமை வாங்கினான். அதுதான் அங்கே குச்சி ஐஸ் பிறந்த கதை. அவனிடம் இருந்தது ஒரு கப்பும் ஒரு குச்சியும்தான்.

உனக்கும் சின்ன எவர்சில்வர் டம்ளர் போதும். அடி குறுகி வாய் அகன்றிருந்தால் ஐஸ் சுலபமாகக் கழன்று வரும். கட்டாக விற்கிற ஐஸ் குச்சியை வாங்கிக்கொள். துடைப்பத்து ஈர்க்குச்சி வேண்டாம், பிள்ளைகள் வாயைக் குத்தும். குச்சி சாயாமல் நிற்க, டம்ளர் வாயில் ஃபாயில் தாளை மூடி நடுவில் சின்னதாகக் கீறிச் செருகு. விளிம்பிலிருந்து ஒரு விரல் அளவு இடம் விட்டு ஊற்று. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும்.

இனிப்பு எவ்வளவு?

குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். கலவை சாதாரணமாக ருசி பார்க்கும்போது கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் ஐஸில் சரியாக வரும். அதற்குச் சர்க்கரை டப்பாவைத் தேடாதே, நன்றாகக் கனிந்த பழத்தைத் தேடு. தோல் கறுத்த வாழைப்பழம், அமுங்குகிற மாம்பழம் எல்லாம் இதற்குத்தான் லாயக்கு. அழுகினது மட்டும் வேண்டாம்.

சர்க்கரைக்கு இன்னொரு வேலையும் உண்டு: ஐஸைக் கல்லாக இறுகவிடாது. அதைக் குறைத்தால் அந்த வேலையைப் பழச்சதையும் தயிரும் தேங்காய்ப்பாலும் செய்ய வேண்டும். வெறும் சாற்றை உறைய வைத்தால் பல் கூசுகிற கட்டிதான் கிடைக்கும்.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதுவானாலும் சர்க்கரைதான். "இயற்கை" என்று தாராளமாகக் கொட்டாதே. ஒரு நாளைக்குச் சேர்க்கிற சர்க்கரை பெரியவர்களுக்கே 25 கிராமுக்குள், அதாவது சுமார் 6 தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வடிகட்டிய பழச்சாற்றில் இருக்கிற சர்க்கரையும் அந்தக் கணக்கில் சேரும். அதனால் முடிந்தவரை வடிகட்டாமல் சதையோடு அரை. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் அறவே கூடாது.

ஐந்து வகை, ஒவ்வொன்றும் சுமார் 6 குச்சிக்கு

*தர்பூசணி:* விதை எடுத்த துண்டுகள் 3 கப், பாதி எலுமிச்சைச் சாறு, 2 தேக்கரண்டி நாட்டுச்சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, 4 புதினா இலை. இந்தப் பழத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்காதே. பாதித் துண்டுகளை அரைத்து, மீதியைப் பொடியாக நறுக்கிப் போடு.

*நுங்கு இளநீர்:* தோல் உரித்த நுங்கு 6, இளநீர் ஒன்றரை கப், இளநீர் வழுக்கை இருந்தால் அதுவும். நுங்கைப் பொடியாக நறுக்கு. முதலில் இளநீரை மட்டும் ஊற்றி ஒன்றரை மணி நேரம் வைத்துப் பாதி உறைந்ததும் நுங்கைக் கலந்தால் அடியில் போய்த் தங்காது. பதநீர் கிடைத்தால் இளநீருக்குப் பதில் அதையே எடுத்துக்கொள். காலையில் இறக்கினதை அப்போதே வடிகட்டிக் கொதிக்கவைத்துவிடு. வெயில் ஏற ஏறப் புளித்துப்போகும்.

*மாம்பழத் தயிர்:* பங்கனபள்ளி 2, கெட்டித் தயிர் ஒரு கப், ஏலக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை. பழம் இனித்தால் சர்க்கரையே தேவையில்லை. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதைச் சட்டமே தடை செய்திருக்கிறது. மேலே சீராக மஞ்சளடித்து, காம்பருகே வாசனையே இல்லாத பழத்தை வாங்காதே. காயாக வாங்கி வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ போட்டுப் பழுக்கவைப்பது உத்தமம்.

*வாழைப்பழத் தேங்காய்ப்பால்:* கனிந்த பழம் 3, முதல் பால் ஒரு கப், பாகாக்கி வடிகட்டிய கருப்பட்டி 2 தேக்கரண்டி. தேங்காயின் கொழுப்பும் வாழைச் சதையும் சேர்ந்து கடைப் பால் ஐஸ் மாதிரி மெத்தென்று வரும். மிக்ஸியில் எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டினால் முடிந்தது. ஐந்தில் இதுதான் சுலபம். முதல் தடவை இதையே செய்து பார்.

*கறுப்புத் திராட்சை:* பன்னீர் திராட்சை 3 கப்பை அரை கப் தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, மசித்து, கொட்டையும் திப்பியும் போக வடிகட்டு. எலுமிச்சை சில சொட்டு விட்டால் நிறம் இன்னும் சிவந்து வரும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கிற வீட்டில் எந்த ஐஸிலும் முழுத் திராட்சையைப் போடாதே, தொண்டையை அடைக்கும். நாவல்பழக் காலம் வந்தால் கொட்டை எடுத்து இதே முறையில் செய்யலாம்.

நிறத்துக்கு ஏமாறாதே

ரோடமைன் பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது நினைவிருக்கும். கண்ணைப் பறிக்கிற நிறத்தைப் பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள். ஒரு சின்னத் துண்டு பீட்ரூட்டை வேகவைத்துத் தர்பூசணியோடு அரைத்துப் பார், அந்த ரோஸ் நிறத்தை எந்தச் சாயமும் தோற்கடிக்காது.

ஃப்ரீசரில் மீன் இருக்கிறதா?

நம் பக்கத்து வீடுகளில் இதுதான் பெரிய சிக்கல். மீன் வாடை தேங்காய்ப்பாலிலும் தயிரிலும் உடனே ஏறிக்கொள்ளும். மீனைக் கசியாத மூடி போட்ட டப்பாவில் வை. டம்ளர்களை வேறொரு மூடி போட்ட டப்பாவுக்குள் நிறுத்து. மீன் டப்பாவுக்கு மேல்பக்கமாக, ஃப்ரீசரின் உள்சுவரை ஒட்டி இருக்கட்டும். சீக்கிரம் உறைந்தால் உள்ளே படிகம் சிறியதாக வரும், நாக்குக்கு நறநறக்காது. 8 மணி நேரம் தொடாதே. ராத்திரி வைத்தால் காலையில் தயார்.

எடுக்கும்போது டம்ளரைச் சாதாரணத் தண்ணீரில் அரை நிமிடம் நிறுத்து. குச்சியைப் பிடித்து முறுக்கி இழுக்காதே. கழற்றினதைக் காகிதத்தில் சுற்றி டப்பாவில் அடுக்கினால் இரண்டு வாரம் ருசி மாறாது. கரண்ட் போய் முழுக்க உருகினதை மறுபடி உறைய வைக்காதே. தயிர், தேங்காய்ப்பால் சேர்த்தது உருகி வெகுநேரம் ஆகிவிட்டால் கொட்டிவிடு.

ஃப்ரீசர் இல்லாத வீட்டில்

கல் உப்பு இருக்க என்ன கவலை? குல்ஃபி போடுகிறவர்கள் செய்கிற வேலைதான் இது. ஒரு பானையில் 3 பங்கு உடைத்த ஐஸுக்கு 1 பங்கு கல் உப்பு கலந்தால் குளிர் பூஜ்யத்துக்கு வெகு கீழே இறங்கும். கலவையை இறுக்கமான மூடி உள்ள சின்ன டப்பாக்களில் ஊற்றி, அதில் புதைத்து, பானையைச் சாக்கால் சுற்றி வை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறுகிவிடும், ஸ்பூனால் சாப்பிடலாம். இதற்கும் சாப்பிடுகிற ஐஸ்கட்டியையே வாங்கு, மூடிவழி ஒரு சொட்டு உள்ளே போனாலும் பயமில்லை. திறக்கும் முன் மூடியைக் கழுவு, இல்லாவிட்டால் ஐஸ் உப்புக் கரிக்கும். அந்த உப்பு ஐஸை வெறும் கையால் அள்ளாதே, தோல் புண்ணாகும்.

விற்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை கலங்கரை விளக்கம் பார்க்கவும் கடற்கரைக்கும் வருகிற கூட்டத்தைப் பார்த்து உனக்கும் ஆசை வரும். வரட்டும். உன் மகளிர் குழுவில் நாலு பேர் சேர்ந்தால் நல்ல தொழில். ஆனால் முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள். சின்ன வியாபாரத்துக்கும் அது கட்டாயம். பிறகு, ஐந்து வகையையும் ஒரே நாளில் போடாமல் அன்றைக்கு மலிவாகக் கிடைத்த பழத்தில் ஒன்றிரண்டு வகை மட்டும் போடு. பெட்டி மேல் ஓர் அட்டையில் என்ன பழம், என்ன தண்ணீர், எவ்வளவு சர்க்கரை என்று எழுதி வை. யாராவது அட்டையைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டால், உன் பிள்ளைக்குக் கொடுத்த அதே ஐஸ்தான் என்று தைரியமாகச் சொல்லலாம்.