துணையாய் நிற்கும் இறைவன்

அன்னையைப் பிரிந்து ஓர் இரவு தங்கினாலே நம் மனம் வாடுகிறது. உற்றாரைப் பிரிந்து, கப்பலேறிச் சிங்கப்பூர் வந்த நம் முன்னோர் எவ்வளவு வாடியிருப்பர்! ஊரிலிருந்து ஒரு கடிதம் வருவதற்கே பல நாள் காத்திருந்த காலம் அது.

அவர்களுள் கத்தோலிக்கத் தமிழருக்காக ஓப்பிர் சாலையில் எழுந்ததே லூர்து மாதா ஆலயம். பிரான்ஸ் நாட்டு லூர்து நகரப் பேராலயத்தின் சாயலில் அமைந்த இது, 1886இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1888இல் திறக்கப்பட்டது. 2005இல் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. வீட்டில் பேசும் தமிழிலேயே இறைவனிடம் துயரைச் சொல்ல இடம் கிடைத்தது பேராறுதல் அன்றோ?

ஆறுதல் என்பது யாது? துன்பம் உடனே மறைவதா? அன்று. கெத்செமனே தோட்டத்தில் இயேசுநாதர் கலங்கி வேண்டினார். ஆயினும் சிலுவை அகலவில்லை. அதைத் தாங்கும் உறுதியே கிடைத்தது. கடவுள் நம்முடன் இருக்கிறார் என்னும் நம்பிக்கை சுமையை நீக்காவிடினும், சுமக்கும் தோளுக்கு வலுவூட்டும்.

இன்றும் ஞாயிறுதோறும் தேக்காவில் கூடும் தொழிலாளர் பலர் குடும்பத்தைப் பிரிந்து வாழ்பவரே. கைப்பேசியில் பிள்ளையின் முகம் தெரிந்தாலும், அள்ளி அணைக்க இயலாதே! அத்தகையோரிடம் நாம் தமிழில் அன்பாய் நலம் விசாரிப்போம். புதிதாய் வந்த மாணவன் தனித்து நின்றால் அருகில் அமர்வோம். இறைவனிடம் ஆறுதல் பெற்ற நாம், அதனைப் பிறருக்கும் வழங்குதல் வேண்டும். அதுவே உண்மையான வழிபாடு.