மாதம் 10 வெள்ளி

வணிக அறிக்கை எழுதுபவர், ‘இதைப் படிப்பவர் யார்?’ என்று முதலில் கேட்க வேண்டும். இதற்கு நம் தோட்ட வரலாற்றிலேயே சான்று உண்டு. 1950ஆம் ஆண்டுகளில் பெரிய ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தொழிலாளர் பலர் வேலையோடு குடியிருந்த வீட்டையும் இழந்தனர்.

1960இல் பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று விளக்கினார். பங்கு, முதலீடு என்பன பால்மரம் வெட்டியவர்களுக்குப் பழக்கமில்லாத சொற்கள். மாதம் 10 வெள்ளி வீதம் பத்து மாதம் கட்டினால் ஒரு பங்கு. சேரும் பணத்தில் தோட்டமே வாங்கலாம் என்பதோ உடனே புரியும். அன்றைய கூலிக்கு 10 வெள்ளி சிறு தொகையன்று. ஆயினும், தொழிலாளர்கள் கட்டினர். 1961இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது.