துறையறிந்த துபாஷி

சீன மொழியினின்று ஆங்கிலத்திற்குப் பெயர்த்துரைக்கும் துபாஷியைத் தேடுவோர், அவர் இரு மொழியும் வல்லவரா என்று மட்டும் ஆராய்தல் போதாது; பேசப்படும் துறையையும் அவர் அறிந்தவராதல் வேண்டும். இரசாயன சாஸ்திரத்தினின்று ஓர் உதாரணம் கூறுவாம்.

சீனப் பொதுமொழியில் வெள்ளீயத்திற்கும் செலினியத்திற்கும் பெயர் 'ஷீ' என்பதே, தொனியும் ஒன்றே. எழுத்தில் முன்னது உலோகக் குறியும் பின்னது கல்லின் குறியும் பெற்று வேறுபடும். செவிக்கோ வேற்றுமை இல்லை. வெள்ளீயம் உணவுக் கலங்களுக்குப் பூசப்படுவது. செலினியம் அளவு மிஞ்சின் நஞ்சாவது. ஒன்றை மற்றொன்றாகப் பெயர்த்தால் விளையும் தீங்கு கூறவும் வேண்டுமோ!

இவ்வகைக் குறிகளால் மூலகங்களுக்குப் பெயர் வகுத்தோருள் ஜான் பிரையரும் ஷூ ஷோவும் முக்கியமானவர். ஷாங்காய் நகரத்துக் கியாங்நான் ஆயுதசாலையில், பிரையர் ஆங்கில நூலின் பொருளை வாயாற் சொல்ல, இரசாயனம் பயின்ற ஷூ ஷோ அதனைச் சீனத்தில் எழுதினார். 1871-இல் அந்நூல் வெளிவந்தது. மொழியறிவும் துறையறிவும் கூடியதன் பயன் அது.

ஆதலின், துபாஷியைச் சோதிக்க விரும்புவோர், "ஷீ என்பது யாது?" என வினவுக. உடனே விடை பகர்வாரை விடுத்து, "எவ்வெழுத்து? எப்பொருள் பற்றிய பேச்சு?" என மறுவினா எழுப்புவாரையே தேர்ந்துகொள்க.