வீட்டில் சிக்னல் ஏறி இறங்குகிறதா? காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்குச் சிக்னல் என்பது சம்பளத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம். பாதியில் அறுந்த இன்டர்வியூவை மறுபடி நடத்த எல்லா நிறுவனமும் காத்திருக்காது. புதுப் போன் வாங்க ஓடுவதற்கு முன், சிக்னல் எந்த இடத்தில், எந்த நேரத்தில் குறைகிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள்.

அறைக்கு அறை மாறினால்
சுவர்தான் காரணம். அலைவரிசை கூடக் கூடச் சுவரைத் துளைக்கும் திறன் குறையும். நம் ஊர் 5ஜி பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. 700, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் அளவுக்கு அது உள்ளறைவரை வராது. கான்கிரீட்டில் உள்ள கம்பியும், உலோகப் பூச்சுக் கண்ணாடியும் மேலும் தடுக்கும். சென்னை மயிலாப்பூர்ச் சந்துகளில் தரைத்தள வீடுகளுக்கு இந்தச் சிக்கல் அதிகம். ஜன்னலோரம் உட்கார்ந்து பேசுங்கள். 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 17 செ.மீ.தான், போனைக் கொஞ்சம் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியலாம்.

நேரத்துக்கு நேரம் மாறினால்
டவரில் நெரிசல். தீபாவளி சமயத்து ரங்கநாதன் தெருவிலும், அறுபத்து மூவர் விழா நாளில் மயிலாப்பூர் மாட வீதிகளிலும் சிக்னல் கோடு முழுசாக இருக்கும், நெட் மட்டும் நகராது. முக்கியமான அழைப்பைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

4ஜி, 5ஜி என மாறி மாறிக் காட்டினால்
இரண்டு டவருக்கோ இரண்டு அலைவரிசைக்கோ நடுவில் போன் தாவுகிறது. மேல்மாடிகளில் இது சகஜம். பேசி முடிக்கும்வரை 4ஜியில் நிறுத்திவையுங்கள்.

அக்கம்பக்கத்திலும் சிக்னல் போனால்
டவருக்குக் கரண்ட் இல்லை, அல்லது கேபிள் அறுந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கரண்ட் போன பகுதிகளில் போனும் அடங்கிப்போனது. மெட்ரோவுக்கோ வடிகாலுக்கோ தெருவைத் தோண்டும்போதும் கேபிள் அறுபடலாம். வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

செய்ய வேண்டியவை
வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள். ஏர்டெல் 2019 டிசம்பரிலும், ஜியோ 2020 ஜனவரியிலும் இந்த வசதியைத் தொடங்கின. பிராட்பேண்ட் இருந்தால் டவர் சிக்னல் இல்லாத அறையிலும் பேசலாம். ரவுட்டருக்கு ஒரு சிறிய யூபிஎஸ் போடுங்கள்.

பிறகும் சரியாகவில்லையா? வாடிக்கையாளர் சேவையில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். போன் எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போக, முதல் படி 1900க்கு ஒரு எஸ்எம்எஸ். ஆனால் உங்கள் தெருவில் எந்த நிறுவனம் நன்றாக எடுக்கிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு மாறுங்கள்.

செய்யக் கூடாதது
கடையில் விற்கும் சிக்னல் பூஸ்டரை வாங்காதீர்கள். அரசு அனுமதியில்லாமல் அதைப் பொருத்துவது சட்டப்படி குற்றம். உங்கள் வீட்டுப் பூஸ்டர் தெருவிலுள்ள மற்றவர்களின் சிக்னலையும் கெடுக்கும்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள், அதே நேரத்தில், அதே நாற்காலியில் உட்கார்ந்து நண்பரோடு பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். குறை இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். சரிசெய்ய ஒரு நாள் கையில் இருக்கும்.