அரை மில்லி மருந்தும் ஒரு கேள்வியும்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் படத்தைப் பார்த்தேன். அம்புக்குறி போட்டு ‘நரம்பு’ என்று எழுதியிருக்கிறாய். நரம்பு அங்கே இருக்கும்தான். ஆனால் படத்தில் தெரிவது எலும்பு மட்டுமே. இடுப்புப் பகுதி முதுகெலும்பு மூட்டுகளின் வலியைச் சுமக்கும் மீடியல் பிராஞ்ச் நரம்பு மிக மெல்லியது, பல சென்டிமீட்டர் ஆழத்தில் எலும்பை ஒட்டிக் கிடக்கிறது. அவ்வளவு ஆழம் போக வளைந்த புரோபை எடுத்து, 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸில் வைக்கிறோம். அது ஆழம் காட்டும், நுணுக்கம் காட்டாது. கழுத்தருகே நரம்பையே பார்த்து ஊசி போட்டுப் பழகிய கைக்கு இது முதலில் உறைக்காது. இங்கே குறி வைப்பது, டிரான்ஸ்வர்ஸ் பிராசஸும் மேல்மூட்டு நீட்சியும் சந்திக்கும் மூலை. நரம்பு அந்த மூலையைக் கடந்துதான் போகும் என்று நமக்குச் சொன்னது ஸ்கேன் மெஷின் இல்லை. ஆஸ்திரேலியாவின் நிகோலாய் போக்டுக் போன்றவர்கள் சடலங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது.

முள்ளெலும்புகளை எண்ணுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நடுக்கோட்டை விட்டுச் சற்று விலகி, புரோபை நெட்டுவாக்கில் வை. சேக்ரம் நீண்ட வெள்ளைக் கோடாக வரும். தலைப்பக்கம் நகர்த்தினால் கோடு அறுபடும். அந்த இடைவெளியைத் தாண்டினால் கடைசி இடுப்பு முள்ளெலும்பான எல்5. அங்கிருந்து ஒவ்வொன்றாக மேலே எண்ணு. இன்னும் கொஞ்சம் வெளியே போனால் டிரான்ஸ்வர்ஸ் பிராசஸ்களின் கறுத்த நிழல்களும் இடையே தசையுமாக, நம் ஆட்கள் திரிசூலம் என்று சொல்லும் படம் கிடைக்கும். அதன் பிறகு புரோபைக் குறுக்கே திருப்பு. எல்4-எல்5 ஃபேசட் மூட்டின் வலியைச் சுமப்பவை எல்3, எல்4 நரம்புகள். ஆனால் எல்3 நரம்பைப் பிடிப்பது எல்4 எலும்பின் மேல், எல்4 நரம்பைப் பிடிப்பது எல்5 எலும்பின் மேல். பரீட்சையில் சரியாக எழுதியவர்கள்கூட டேபிளில் இதைக் குழப்பிக்கொள்வார்கள். சிலருக்குக் கடைசி முள்ளெலும்பு சேக்ரத்தோடு பாதி ஒட்டியிருக்கும். எக்ஸ்ரேயைப் பார்க்காமல் எண்ணினால், ஊசி கச்சிதமாக இறங்கும், ஒரு எலும்பு தள்ளி.

2004-ல் வியன்னாவில் மான்ஃபிரெட் கிரேஹரும் சகாக்களும் இந்த முறையைப் பதிவு செய்தார்கள். அதன் பிறகு கொரியாவில் ஸ்கேன் பார்த்துப் போட்ட ஊசிகளை எக்ஸ்ரேயில் சரிபார்த்தபோது, 95 சதவீதம் இடம் தவறாமல் இருந்தன. அதையே உடல் பருமன் மிகுந்தவர்களிடம் வேறொரு குழு செய்து பார்த்தபோது 62 சதவீதம்தான் தேறியது. ஆகவே சி-ஆர்ம் எக்ஸ்ரே மெஷினைப் பழைய சரக்கு என்று ஒதுக்காதே. ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை, ஈய ஏப்ரன் சுமந்து நம் முதுகைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதெல்லாம் உண்மை. ஆனால் பருமனான உடல், அல்லது இடுப்பெலும்பின் விளிம்பு மறைக்கும் எல்5-எஸ்1 என்றால், கௌரவம் பார்க்காமல் சி-ஆர்மைக் கூப்பிடு. சாய மருந்து செலுத்தினால் அது ரத்தக்குழாய்க்குள் ஓடுவதையும் சி-ஆர்ம் காட்டிவிடும். ஸ்கேனில் அந்த வசதி சொற்பம். மருந்து பரவுவது திரையில் தெரியவே இல்லையென்றால், அது ரத்தக்குழாய்க்குள் போயிருக்கலாம் என்று சந்தேகப்படு.

இன்னொன்று, சொந்தமாகப் போர்ட்டபிள் மெஷின் வாங்கப் போவதாகச் சொன்னாய். முதுகுக்கு மட்டும்தானே என்று நினைத்துவிடாதே. கருவின் பாலினத்தைக் கண்டறியக்கூடிய எந்த ஸ்கேன் மெஷினுக்கும் 1994-ஆம் ஆண்டின் பிசிபிஎன்டிடி சட்டப்படி பதிவு வேண்டும். முதலில் அந்தக் காகிதங்களை முடி.

நரம்பை மரத்துப்போக வைக்கும் இந்த பிளாக்குக்கு, ஒரு நரம்புக்கு அரை மில்லி மருந்து போதும். அதற்கு மேல் போனால் பக்கத்துக் கிளைகளுக்கும் தசைக்கும் பரவி, வலி எதனால் குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். தோலை மரத்துப்போக வைக்கும் மருந்தையும் அளவோடு போடு. மயக்க ஊசி வேண்டாம். அரைத் தூக்கத்தில் இருப்பவரிடம் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பயனில்லை. இது வைத்தியம் இல்லை தம்பி, விசாரணை. நோயாளி சொல்லும் பதிலை நம்பித்தான் பிறகு ரேடியோஃப்ரீக்வென்சியில் அந்த நரம்பைச் சுடப் போகிறோம். ஒரே ஒரு பிளாக்கை நம்பினால் பொய்நேர்மறை 38 சதவீதம் என்று 1994-லேயே ஷ்வார்ட்ஸரும் போக்டுக்கும் சகாக்களும் எழுதிவிட்டார்கள். அதனால் ஒரு நாள் லிக்னோகெய்ன், வேறொரு நாள் பூபிவகெய்ன். இரண்டாம் முறைக்கு அலைய வேண்டுமா என்று நோயாளி முகம் சுளிப்பார். அப்போது காரணத்தைப் பொறுமையாகச் சொல், விட்டுக்கொடுக்காதே.

ஊசி போட்ட கையோடு நீயே போய் “வலி குறைஞ்சிருக்கா?” என்று கேட்காதே. விடியற்காலையில் பஸ் ஏறி, பணம் கட்டி, பயந்து பயந்து குப்புறப் படுத்தவர் உன் மனம் கோணக்கூடாது என்று “நல்லா இருக்குங்க சார்” என்பார். ஊசிக்கு முன்பே அவரை எழுப்பி நிற்க வைத்து, எந்த அசைவில் வலி என்று செய்து காட்டச் சொல். பின்னால் சாய்ந்தாலா, தரையிலிருந்து எழுந்தாலா, தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாலா? அதற்கு எத்தனை மார்க் என்று குறித்துக்கொள். அரை மணி கழித்து அதே அசைவைத் திரும்பச் செய்யச் சொல்லி, மார்க்கை நர்ஸ் சிஸ்டர் கேட்டு எழுதட்டும். உன் வார்டில் ஒரு பிளாஸ்டிக் குடம் இருக்கட்டும். மேட்ரன் சிரித்தால் சிரிக்கட்டும்.

வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்தனுப்பு, மணிக்கொரு எண் எழுதி வர. எழுதத் தெரியாதவருக்குப் பேத்தி எழுதிக் கொடுப்பாள். “அன்றைக்குப் படுத்தே கிடந்தேன், வலியே இல்லை” என்று வந்தால் அந்தத் தாளை மார்க்கில் சேர்க்காதே. படுத்திருந்தால் ஊசி போடாமலேயே அவருக்கு வலி இருந்திருக்காது.

பிளாக்கில் வலி துளியும் குறையாதவர்தான் உனக்குச் சங்கடம் கொடுப்பார். உடனே ஒரு எலும்பு மேலே, ஒரு எலும்பு கீழே என்று குத்திப் பார்க்கத் தோன்றும், பில்லும் ஏறும். ஊசி சரியான இடத்தில்தான் இருந்தது, மருந்தும் பரவியது என்றால், அந்த மூட்டில் கோளாறு இல்லை என்று அவரிடம் நேராகச் சொல்லிவிடு. அடுத்த முறை வரும்போது ஸ்கேன் மெஷினை ஆன் செய்யாதே. மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, இடுப்பு மூட்டைச் சுழற்றிப் பார்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்